யவன எழுத்திலிருந்து மலைநாடு வரை

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை ஏறும் பேருந்தில் நடத்துநர் சீட்டுக் கிழிக்கும்போது கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "எந்த நாட்டுக்குங்க?" பெரக்கரை நாடு என்றேன். அவருக்கு அது ஊர்ப்பெயர். வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு, பெரக்கரை நாடு என்று மலைமேல் 14 நாடுகள் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மிளகும் காப்பியும் பலாவும் சாமைக்கொல்லையுமாக ஊர்கள் விரிகின்றன. பலகைகளில் எல்லாம் அந்த ஒரே சொல்.

சோழர் கல்வெட்டுகளைப் புரட்டிப் பழகியவருக்கு இந்தச் சொல் சும்மா கடந்துபோகாது. வளநாடு, அதற்குள் நாடு, அதற்குள் ஊர் என்ற அடுக்கில்தான் நிலக்கொடையும் வரியும் எல்லையும் கல்லில் வெட்டப்பட்டன. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் நூலில், நூற்றுக்கணக்கான நாடுகளின் இருப்பிடத்தைக் கல்வெட்டுச் சான்றுகளை மட்டும் வைத்து வரைபடத்தில் குறித்தார். சமவெளியில் அந்த நாடுகள் பேச்சுவழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. மலையிலோ பேருந்துச் சீட்டில் உயிரோடு இருக்கின்றன.

கல்லில் உள்ள சொல்லும் வாயில் உள்ள சொல்லும் ஒன்றுதான் என்று நம்மால் சொல்ல முடிவது எப்படி? யாரோ அந்தக் கல்லைப் படித்திருக்கிறார்கள். படிக்கும் முறையை யாரோ உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், கடைசியில் கிரேக்க எழுத்தில் போய் நிற்கிறோம். இந்தியக் கல்வெட்டியலின் முதல் சாவி கிரேக்கம். கிரேக்கக் கல்வெட்டு அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாக வளர்த்த ஒழுங்குகளில் நாம் எடுத்துக்கொண்டவை சில, எடுத்துக்கொள்ளாமல் விட்டவை பல. அவை இரண்டையும் எடைபோடுவதற்கே இந்தக் கட்டுரை.

முதலில் சாவி. 1836இல் கிறிஸ்தியன் லாசன் என்ற அறிஞர் ஒரு நாணயத்தைக் கையில் எடுத்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாக்திரியப் பகுதியை ஆண்ட அகதோக்ளேஸ் என்ற கிரேக்க அரசனின் நாணயம் அது. ஒரு பக்கம் கிரேக்கத்தில் அரசன் பெயர், மறுபக்கம் அப்போது எவராலும் படிக்க முடியாத பிராமி எழுத்தில் அதே பெயர். கிரேக்கத்தைத் துணைக்கு வைத்து லாசன் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தார். மறு ஆண்டு கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியில் வரிசையாக நின்ற சிறுசிறு கல்வெட்டுகள் எல்லாம் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். பலர் தனித்தனியே கொடுத்த கொடைகளாக இருக்க வேண்டும், அப்படியானால் முடிவுச் சொல் "தானம்" என்று ஊகித்தார். பூட்டு திறந்துகொண்டது.

அடுத்த ஆண்டிலேயே, 1838இல், கிர்நார் பாறையிலிருந்த அசோகர் ஆணையில் அவர் யவன அரசர்களின் பெயர்களைக் கண்டார். அசோகரின் 13ஆம் பாறை ஆணையில் ஐவர் வருகிறார்கள்: அந்தியோகன், துரமயன், அந்திகினி, மகன், அலிகசுதரன். கிரேக்க வரலாற்றில் இவர்கள் அந்தியோக்கஸ், தாலமி, அந்திகோனஸ், மகாஸ், அலெக்சாந்தர். இவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தது கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் சில ஆண்டுகள்தான். ஆகவே அந்த ஆணையின் காலம் உறுதியாயிற்று, அதோடு அசோகர் காலமும். பண்டைய இந்திய வரலாற்றின் காலக்கணக்கில் பெரும்பகுதி இந்த ஐந்து பெயர்களில்தான் ஆணியடித்துத் தொங்குகிறது. இது மிகைப்பேச்சல்ல. இந்த ஆணியைப் பிடுங்கினால் மௌரியர் காலம் மட்டுமல்ல, அதை ஒட்டிக் கணிக்கப்படும் சங்ககாலக் கணக்கும் சேர்ந்து ஆடும்.

அதே அசோகர், 2ஆம் பாறை ஆணையில், தம் ஆட்சி எல்லைக்கு வெளியே தெற்கே இருந்த சோழர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுதோ என்ற நால்வரைக் குறிக்கிறார். மூவர் யார் என்பதில் ஐயமில்லை. இந்த சதியபுதோ யார்? ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். காஞ்சிப் பக்கம் என்றவர்கள் உண்டு, துளுநாடு என்றவர்கள் உண்டு, மராட்டியத்தில் தேடியவர்களும் உண்டு. அதியமான்தான் என்று கே. ஜி. சேஷ ஐயர் போன்ற சிலர் சொற்பிறப்பை வைத்து முன்பே ஊகித்திருந்தார்கள். "ஸதிய" என்பதில் முதலெழுத்து தமிழில் கழன்றால் "அதிய". "புதோ" என்பது மகன். மகன் என்ற சொல் தேய்ந்து "மான்" ஆகும். சேரமான் போல, அதியமான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கல்தான் வரவில்லை.

1981இல் கல் வந்தது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரின் குன்றில், தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒரே வரியில் அமைந்த ஒரு கல்வெட்டைக் கண்டார்கள். அப்போது துறையின் இயக்குநர் இரா. நாகசாமி. அந்த வரியில் "ஸதியபுதோ" என்ற அசோகர் ஆணையின் சொல்லும், "அதியந் நெடுமாந் அஞ்சி" என்ற தமிழ்ப்பெயரும் ஒட்டியே நிற்கின்றன. துறவிகளுக்கு உறைவிடம் கொடுத்த செய்தி. ஒற்றை வரி, ஆனால் அசோகர் ஆணையில் வரும் சதியபுதோவையும் ஔவையார் பாடிய வள்ளலையும் ஒரே குடியாகக் கட்டிப்போடும் வரி. ஔவையார் பாட்டில் அதியமான் கோவலூரை வென்றவன் என்ற குறிப்பு உண்டு. கோவலூர் இன்றைய திருக்கோவிலூர். கல் கிடைத்த இடம் அதன் பக்கத்திலேயே.

கொல்லிமலைக்காரர்களுக்கு இது அந்நியக் கதை அல்ல. மலையை ஆண்ட வல்வில் ஓரியைக் கொன்றவன் திருக்கோவிலூர் மலையமான் காரி. அந்தக் காரியின் ஊரை வென்றவன் அதியமான். அதியர் குடி அதோடு முடியவும் இல்லை. நாமக்கல் மலையின் அரங்கநாதர் குடைவரையில், கி.பி. 8ஆம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில், அதியர் மரபில் வந்த குணசீலன் பெயர் இருக்கிறது. அந்தக் குடைவரைக்கே அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர். அகதோக்ளேஸின் நாணயத்தில் தொடங்கிய சங்கிலி அசோகர் வழியாக ஜம்பைக்கு வந்து, கொல்லியின் அடிவாரத்தில் கண்ணி சேர்கிறது.

கிரேக்கம் இந்தியாவுக்கு வெளியே நின்று சாவி மட்டும் கொடுத்துவிட்டுப் போன மொழியும் அல்ல, அசோகர் ஆண்ட நிலத்திலேயே அது கல்லில் ஏறியது. 1958இல் கந்தகாரில் ஒரு பாறையில் அசோகரின் ஆணை கிரேக்கத்திலும் அரமேயத்திலும் கிடைத்தது. பியதசி என்ற அசோகரின் பட்டப்பெயர் அதில் "பியோதஸேஸ்" ஆகியிருக்கிறது. தம்மம் என்பதற்கு "எவுசேபெயா", அதாவது தெய்வபக்தி, கடமையுணர்வு என்று பொருள் தரும் கிரேக்கச் சொல். மொழிபெயர்த்தவர் வேற்றுமொழிச் சொல்லை அப்படியே பிடித்து வைக்காமல், தம் மக்களுக்குப் பழக்கமான சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார். அந்தக் கிரேக்கப் பகுதியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் லூயி ரொபேர், 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கிரேக்கக் கல்வெட்டு அறிஞர். அதே கந்தகாரில் பின்னர் சோஃபுதோஸ் என்பவரின் கிரேக்கக் கவிதைக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. வரிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அவர் பெயரே வரும் அளவுக்கு யாப்பறிந்து எழுதியது. அவர் பெயரும் தந்தை பெயரும் இந்தியப் பெயர்களின் கிரேக்க வடிவங்கள் என்று மொழியியலாளர் காட்டினார்கள்.

எதிர்த்திசையில் ஹெலியோதோரஸ். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் தட்சசீலத்திலிருந்து தூதுவராக வந்த இந்தக் கிரேக்கர், விதிசாவுக்கு அருகே வாசுதேவனுக்குக் கருடத்தூண் நிறுத்தினார். எழுத்து பிராமி, மொழி பிராகிருதம். 1877இல் தொல்லியலாளர் கன்னிங்காம் அந்தத் தூணைப் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. வழிபடுவோர் தலைமுறை தலைமுறையாகப் பூசிய செந்தூரம் தடித்து எழுத்தை மூடியிருந்தது. 1909இல் அந்தப் பூச்சை நீக்கிய பிறகே கல் பேசியது.

இந்த இடத்தில் எனக்கு நம் கோயில்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. செந்தூரமாவது எழுத்தை மூடிக் காப்பாற்றியது. நம் ஊர்களில் திருப்பணி என்ற பெயரில் மணலை அழுத்திப் பீய்ச்சிச் சுவரைத் தேய்த்ததில் எழுத்தே மழுங்கிப்போன கோயில்கள் உண்டு. அதிட்டானத்துக் கல்லைத் திருப்பி வைத்துக் கட்டியதில் பாதிக் கல்வெட்டு சுவருக்குள் போன கோயில்கள் உண்டு. பூச்சைக் கழுவ முடியும், தேய்ந்துபோன எழுத்தை எவராலும் மீட்க முடியாது.

இனிக் கல்லைப் படிக்கும் தொழிலுக்கு வருவோம். கிரேக்கக் கல்வெட்டுகளை ஒரே தொகுப்பில் கொண்டுவரும் பெருமுயற்சியை 1815இல் பெர்லின் அறிவியல் கழகம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் ஆகஸ்ட் பெக். 1820களில் முதல் தொகுதி வந்தது. பயணிகளும் தூதர்களும் எழுதியனுப்பிய படிகளை வைத்து அவர் மேசையிலேயே பதிப்பித்தார். காட்ஃப்ரீட் ஹெர்மான் என்ற இன்னொரு பேராசிரியர் அதைக் கடுமையாகச் சாடினார். சச்சரவு கசப்பாக முடிந்தாலும், அதிலிருந்து ஒரு பாடம் நிலைத்தது: கல்லைப் பார்க்காமல், அல்லது கல்லின் நம்பகமான படியைப் பார்க்காமல் பதிப்பிக்கக் கூடாது. அடுத்த தலைமுறையில் அந்தத் தொகுப்பு முழுவதும் புதிதாகத் தொடங்கப்பட்டு, கிரேக்கத் தீவுகளிலும் ஊர்களிலும் நேரில் போய்ப் பார்த்து எழுதப்பட்டது. இன்றும் தொகுதிகள் வருகின்றன.

படியெடுப்பதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். கல்லை நீர் விட்டுத் தென்னங்குச்சித் துடைப்பத்தால் தேய்த்து, பள்ளத்து மண்ணையும் பாசியையும் எடுப்பார்கள். நனைத்த தாளை ஒட்டி, தடித்த மயிர்த் தூரிகையால் அடித்துக்கொண்டே போவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஐரோப்பியர் கிரேக்கக் கல்லில் இத்தோடு நிறுத்திக் காயவைத்து உரித்து எடுப்பார்கள். அந்தத் தாளின் முதுகில் எழுத்து புடைத்து நிற்கும். நம்மூரில் இன்னொரு படி உண்டு. ஈரம் பாதி காய்ந்ததும் துணிப்பந்தை மையில் தோய்த்துத் தாளின் மேல் ஒற்றுவார்கள். மேட்டுப் பகுதி கறுப்பாகி, பள்ளத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. மலைக் காற்று அடிக்கும் இடத்தில் தாள் காய்வதற்குள் கிழிந்துவிடும், மழை வந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஒரு நல்ல படி எடுக்கப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். அப்படி எடுத்தவர்களின் பெயர்கள் நூல்களின் அட்டையில் வருவதில்லை.

தமிழகத்தில் முறையான படியெடுப்பு 1886இல் ஆய்கன் ஹூல்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்ததிலிருந்து தொடங்குகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி போன்றோர் அந்தப் பணியைத் தோளில் சுமந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாகப் பதிப்பாயின. ஆனால் முதல் மூன்று தொகுதிகளோடு மொழிபெயர்ப்பு நின்றது. நான்காம் தொகுதியிலிருந்து வெறும் பாடம் மட்டும். வேலையின் அளவு பெரிது, ஆட்கள் சிலர் என்பது உண்மைதான். ஆனாலும் அதன் விளைவாக, கல்வெட்டுத் தமிழ் பழகாத பொதுவாசகருக்கு அந்தத் தொகுதிகள் பூட்டிய பெட்டிகளாகவே இருந்துவருகின்றன.

சதுர அடைப்புக்குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேக்க அறிஞர்கள் 1931இல் லெய்டன் நகரில் கூடி, எந்தக் குறி எதைக் காட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். கல்லில் உடைந்துபோய்ப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்து சதுர அடைப்புக்குள். பாதி தெரிந்து ஐயமாக உள்ள எழுத்தின் கீழே ஒரு புள்ளி. வெட்டியவன் விட்டதைப் பதிப்பாசிரியர் சேர்த்தால் கோண அடைப்பு. யார் பதிப்பித்தாலும் இதே குறிகள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் வாசகருக்கும் பதிப்பாசிரியருக்கும் இடையிலான நேர்மை முழுவதும் அந்தப் புள்ளியில்தான் அடங்கியிருக்கிறது. எர்ன்ஸ்ட் பேடியன் என்ற வரலாற்றாசிரியர் சதுர அடைப்புக்குள்ளிருந்து வரலாறு எழுதுவதைக் கண்டித்து எச்சரித்தார். ஒருவர் ஊகித்து நிரப்பிய சொல்லை அடுத்தவர் சான்றாக எடுத்து, அதன் மேல் மூன்றாமவர் கோட்டை கட்டும் பழக்கத்தைத்தான் அவர் சொன்னார். நம் தொகுதிகளிலும் அடைப்பும் உடுக்குறியும் உண்டு. ஆனால் நாளிதழ்ச் செய்தியாகக் கல்வெட்டு வெளிவரும்போது அடைப்புகள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. ஊகம் உண்மையாகி ஊர் முழுக்கப் பரவுகிறது.

எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வதுதான் இந்தத் துறையின் பெரிய சண்டைக்களம். இதில் கிரேக்கர் பக்கம் நடந்த ஒரு வழக்கு நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏதென்சு நகரத்து ஆணைகளில் "சிக்மா" என்ற எழுத்து சிலவற்றில் மூன்று கோடுகளாலும் சிலவற்றில் நான்கு கோடுகளாலும் வெட்டப்பட்டிருக்கும். மூன்று கோட்டுச் சிக்மா கி.மு. 446ஐ ஒட்டி வழக்கொழிந்தது, ஆகவே அது உள்ள கல்லெல்லாம் அதற்கு முந்தியது என்பது பல தலைமுறை அறிஞர்களின் விதி. ஏதென்சின் பேரரசு எப்போது கடுமையாக ஆளத் தொடங்கியது என்ற வரலாறே அந்த விதியின் மேல் நின்றது. 1961 முதல் ஹாரல்ட் மாட்டிங்லி என்ற ஒருவர் விடாமல் மறுத்துக்கொண்டே இருந்தார். கல்தச்சர்கள் ஒரே நாளில் எழுத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் வாதம். பெரும்பாலானோர் அவரை ஏற்கவில்லை. 1990இல் எகெஸ்தா உடன்படிக்கை என்ற தேய்ந்த கல்லை லேசர் ஒளியில் ஆராய்ந்த மூவர், அதில் உள்ள ஆண்டுத் தலைவரின் பெயர் அந்திஃபோன் என்று படித்தார்கள். அவர் ஆண்டு கி.மு. 418. கல்லிலோ மூன்று கோட்டுச் சிக்மா. விதி உடைந்தது. முப்பது ஆண்டு ஒதுக்கப்பட்டவரின் பக்கம் நியாயம் இருந்தது.

இனி நம் தமிழ்-பிராமி. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவல் 1882இல் கண்டார். நாற்பது ஆண்டுகள் அதை எவராலும் பொருளோடு படிக்க முடியவில்லை, பிராகிருத விதியைப் போட்டுப் படித்ததால். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இதில் வர்க்க எழுத்துகள் இல்லை, ழகர ளகர றகர னகரங்கள் இருக்கின்றன, ஆகவே மொழி தமிழ் என்று நிறுவினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் குகை குகையாக ஏறினார். புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் மூன்று தலைமுறைப் பெயர்களை 1965இல் படித்தார். கோ ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோன், இளங்கடுங்கோ என்று பதிற்றுப்பத்தின் மரபு கல்லில் எழுந்து நின்றது. அதே மலையில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவனின் பெயரும் உண்டு. 2003இல் அவர் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடித்தளம்.

எழுத்து வடிவை வைத்து மகாதேவன் மாங்குளத்தைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். அதன் பின் அகழாய்வுகள் வந்தன. பொருந்தலில் கா. இராஜன் குழுவினர் எடுத்த நெல்மணிகள் கரிமக் கணிப்பில் கி.மு. 490 என்று வந்தன. எழுத்துப் பொறித்த தாங்கியும் அதே ஈமச்சின்னத்தில் இருந்தது. கொடுமணலும் கீழடியும் தொடர்ந்தன. கீழடிக்குக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று 2019இல் அறிக்கை வந்தது. அனுராதபுரத்திலும் அசோகருக்கு முந்திய அடுக்குகளில் பிராமி ஓடுகள் கிடைத்ததாக ஆய்வாளர் எழுதினார்கள். பிராமி அசோகர் காலத்தில்தான் உருவாக்கப்பட்டது என்று வாதிடும் ஹாரி ஃபால்க் போன்றவர்கள் இதை ஏற்பதில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து வடிவை மட்டும் வைத்து நூற்றாண்டு சொல்லும் துணிவுக்குச் சிக்மா வழக்கு நல்ல மருந்து. அந்த வகையில் பழைய கணிப்புகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அகழாய்வைப் புறக்கணிப்பது சரியல்ல. ஆனால் நெல்லின் காலம் நெல்லின் காலம்தான். எழுத்தின் காலத்தை அதோடு கட்ட வேண்டுமானால், ஓடு எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எந்தக் குழியின் குறுக்கீடும் இல்லாமல் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காட்ட வேண்டும். ஒரு கணிப்பு போதாது. வரிசையாகப் பல இடங்களில், பல கணிப்புகள் ஒன்றையொன்று தாங்க வேண்டும். லூயி ரொபேர் வாழ்நாளெல்லாம் சொன்னது இதுதான்: ஒரு கல்வெட்டைத் தனியாகப் படிக்காதே, அதன் இனத்தோடு வரிசையில் வைத்துப் படி. தமிழின் தொன்மைமேல் அன்புள்ளவர்கள்தான் இந்தச் சோதனையை முதலில் கேட்க வேண்டும். சோதித்து நிற்கும் காலக்கணக்கை எவராலும் அசைக்க முடியாது.

கடல் தாண்டிய சான்றுகளுக்கு வந்தால், கிரேக்கமும் தமிழும் ஒரே சுவரில் நிற்கும் காட்சி கிடைக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசேர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்-பிராமி பொறித்த ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன், கொற்றன் என்ற வகைப் பெயர்கள். சோகோத்ரா தீவின் ஹோக் குகையில் இந்திய மாலுமிகள் கரியாலும் மண்ணாலும் எழுதிய பெயர்களோடு கிரேக்கப் பெயர்களும் உண்டு. அந்தக் குகையின் 200க்கும் மேற்பட்ட எழுத்துகளை இங்கோ ஸ்ட்ரௌக் 2012இல் பதிப்பித்தார்.

அதே ஸ்ட்ரௌக்கும், தமிழ்க் கல்வெட்டுகளில் தோய்ந்த பிரெஞ்சு அறிஞர் சார்லோட் ஷ்மிடும் அண்மையில் எகிப்து மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களை ஆராய்ந்தார்கள். அந்தச் சுவர்களில் பழங்காலப் பயணிகள் கீறிய கிரேக்க, லத்தீன் வரிகள் 2000க்கும் மேல். அவற்றை ஜூல் பையே என்பவர் 1920களில் தொகுத்தார். கண்டேன், வியந்தேன் என்ற பொருளில் கிரேக்கர்கள் எழுதிவைத்த வரிகள் நிறைய. பையே தேடியது கிரேக்கமும் லத்தீனும். நூறாண்டுக்குப் பின் அதே சுவர்களில் இந்த இருவரும் தமிழ்-பிராமி, பிராகிருதம், சமஸ்கிருதம் ஆகியவற்றில் சுமார் 30 வரிகளைப் படித்தார்கள். சிகை கொற்றன் என்ற ஒரு தமிழர் தம் பெயரை எட்டு இடங்களில் எழுதியிருக்கிறார், வந்து கண்ட செய்தியோடு. பக்கத்துக் கிரேக்கர் எழுதிய பாணியைப் பார்த்துத் தமிழில் எழுதியவர் போலத் தெரிகிறது. இருந்த எழுத்துதான், படிக்கத் தெரிந்த கண் வரும்வரை அது சுவரில் காத்திருந்தது.

அந்தக் கண்ணை வளர்ப்பதற்குக் கிரேக்கத் துறை என்ன செய்தது என்பதுதான் நமக்குக் கேள்வி. ஆண்டுதோறும் உலகெங்கும் வெளியான கிரேக்கக் கல்வெட்டுகளை ஒரே இதழில் திரட்டும் பணி 1923இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ரொபேரும் அவர் மனைவி ஜானும் 1938 முதல் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் எல்லாப் புதிய வெளியீடுகளையும் படித்து விமர்சித்தார்கள். பேக்கர்டு நிறுவனத்தின் தேடுதளத்தில் பெரும்பாலான கிரேக்கக் கல்வெட்டுகளின் பாடத்தை எவரும் இலவசமாகத் தேடலாம். அந்தத் தரவு இருந்ததால்தான் 2022இல் இதாக்கா என்ற கணினி மாதிரி உருவாயிற்று. உடைந்த வரியை நிரப்புவதில் அறிஞர்கள் தனியே 25 விழுக்காடு சரியாகச் சொன்ன இடத்தில், அதன் துணையோடு 72 விழுக்காடு எட்டினார்கள். கணினி மட்டும் தனியே 62. ஆளும் கருவியும் சேர்ந்தால் இரண்டையும் விட மேல் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் அடியில் இருந்தது இருநூறு ஆண்டு பதிப்புழைப்பு.

நம்மிடமும் உழைப்பு இல்லாமல் இல்லை. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ஆவணம் இதழில் ஆண்டுதோறும் புதுக் கல்வெட்டுகளை வெளியிடுகிறது. நொபொரு கரஷிமாவும் சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் 1978இல் சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவைக் கொண்டுவந்தார்கள். கணினியைக் கல்வெட்டுக்குப் பயன்படுத்தியதில் அது முன்னோடி. கல்வெட்டுச் சொல்லகராதியும் வந்துவிட்டது. குறை எங்கே என்றால், 1886 முதல் எடுத்த மைப்படிகளில் பெரும்பகுதி இன்னும் அச்சேறவில்லை. கல்வெட்டு அலுவலகம் சென்னையிலிருந்து உதகைக்கும், 1966இல் மைசூருக்கும் போனது, தாள்களும் கூடவே போயின. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் தாள் எந்த ஊரில் இருக்கிறது என்பதை விட, அதன் படம் எவர் கைக்கும் எட்டுகிறதா என்பதே முக்கியம். ஒவ்வொரு மைப்படியையும் நல்ல தெளிவில் படமெடுத்து, ஊர், கோயில், சுவர், அரசன், ஆண்டு என்ற குறிப்புகளோடு பொதுவில் வைத்தால் போதும். பாடம் தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படிக்கும் கண்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பள்ளி ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஓய்வுபெற்ற ஊழியர்களாகவும்.

மலை நாடுகளுக்கு இது இன்னும் அவசரம். சமவெளிக் கோயில்களில் சுற்றிப் படியெடுத்தவர்கள் மலைக்கு அவ்வளவாக ஏறவில்லை. வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு, அவை அறிஞர் பார்வைக்கு வந்தவை. கோயிலைத் தாண்டி வயல் வரப்பிலும் எல்லைக் கல்லிலும் நடுகல்லிலும் என்ன இருக்கிறது என்பதை நாடு நாடாக நடந்து பார்த்துப் பட்டியலிட வேண்டும். நாடு என்ற அமைப்பு மலையில் எப்போது வேர்பிடித்தது, சோழ நாட்டாரும் இந்த மலை நாட்டாரும் ஒரே மரபா என்ற கேள்விக்கு விடை அப்படித்தான் வரும், பேருந்துப் பலகையை வைத்து வராது.

பெரக்கரை நாட்டிலும் மற்றப் பதின்மூன்று நாடுகளிலும் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்து உள்ள கல்லைக் கண்டால் சுண்ணாம்போ பெயின்டோ பூசாதீர்கள். எழுத்து தெளிவாகட்டும் என்று ஆணியால் கீறாதீர்கள். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் நாலு படம் எடுங்கள். கொல்லைக்காரர் பெயர், நாட்டின் பெயர், பக்கத்தில் உள்ள ஓடையின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, படத்தோடு நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சென்னைத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். கல்லை இருந்த இடத்திலிருந்து நகர்த்த வேண்டாம்.